பாரசீகம் வளர்த்த எழுத்துக் கலை

எழுத்தறிவு மாந்தர்க்குக் கண் போன்றது என்பதை நாம் அறிவோம். அக்கண்ணுக்கு மை தீட்டி அழகு பார்த்த மக்களும் உலகில் உளர். அவர்களுள் முன்வைத்து எண்ணத்தக்கவர் பாரசீகர் ஆவர். இன்று ஈரான் என வழங்கும் நாட்டிலும், அதனை அடுத்த ஹெராத், புகாரா முதலிய நகரங்களிலும் அவர்கள் கையால் எழுதிய ஏடுகள், அறுநூறு ஆண்டுகள் கடந்தும் காண்போர் உள்ளத்தைக் கவர்கின்றன. அச்சுப் பொறி இல்லாத காலத்தில் ஒரு நாணற் குச்சியையும் சிறிது கருமையையும் கொண்டு அவர்கள் இதனை எவ்வாறு செய்தனர்? மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்து பயன்பெறும் பொருட்டு அதனை ஈண்டு விளக்குவோம்.

எழுத்து வந்த வழி

நம் நாட்டின் பெயர்ப் பலகைகளிலும் பணத்தாள்களிலும் ஜாவி எழுத்தை நாள்தோறும் காண்கிறோம். மலாய் மொழியை எழுதுவதற்காக அரபு எழுத்துகளை ஏற்று, அரபு மொழியில் இல்லாத ஒலிகளுக்குச் சில எழுத்துகளைப் புதிதாகச் சேர்த்து அமைத்துக்கொண்டதே ஜாவி. பாரசீகரும் இவ்வாறே செய்தனர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இஸ்லாம் பாரசீகத்திற் பரவிய பின்னர், அந்நாட்டார் நாளடைவில் அரபு எழுத்தையே தம் மொழிக்கும் உரியதாக்கினர். அரபு எழுத்துகள் இருபத்தெட்டு. பாரசீகர் அவற்றுடன் நான்கினைக் கூட்டி முப்பத்திரண்டாக்கினர். கூட்டிய நான்கனுள் மூன்றுக்கு மும்மூன்று புள்ளிகளும், ஒன்றுக்கு மேற்கோடு ஒன்றும் இட்டு வேறுபாடு காட்டினர். ஜாவியில் ‘ச்ச’ ஒலிக்கு வழங்கும் எழுத்து, பாரசீகர் அவ்வொலிக்கு வழங்கும் அதே வடிவினது என்பது குறிப்பிடத்தக்கது.

இஸ்லாமிய மக்கள் எழுத்துக் கலையைத் தலையாய கலையாகப் போற்றியதற்குக் காரணம் உண்டு. திருக்குர்ஆன் இறைவன் வாக்கு என்பது அவர்தம் நம்பிக்கை. அவ்வாக்கினை எழுதும் எழுத்து, குற்றமற்றதாகவும் அழகியதாகவும் அமைதல் வேண்டும் என அவர்கள் கருதினர். பள்ளிவாசல்களிலும் திருமறை ஏடுகளிலும் உருவங்களைத் தீட்டும் வழக்கமின்மையால், அங்கே அழகு செய்யும் பொறுப்பு முழுதும் எழுத்தின்மீதும் பூக்கொடி வேலைப்பாடுகளின்மீதும் அமைந்தது.

தொடக்கத்தில் கூஃபி என்னும் கோணல் முனையுடைய தடித்த எழுத்து வழங்கியது. பின்னர்ப் பாக்தாது நகரில் வாழ்ந்த இப்னு முக்லா என்பார் எழுத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அவ்வளவுகோல் யாது தெரியுமா? ஒரு புள்ளியே! எழுதுகோலின் முனையைத் தாளில் அழுத்திச் சாய்வாக இழுத்தால் நாற்கோணப் புள்ளி ஒன்று விழும். ஓர் எழுத்து எத்தனை புள்ளி உயரம், எத்தனை புள்ளி அகலம் என்று கணக்கிட்டு எழுதுதல் வேண்டும். எழுதுகோல் பெரிதாயின் புள்ளி பெரிதாகும். எழுத்தும் அதற்கேற்பப் பெரிதாகும். அளவு மட்டும் மாறாது. மும்முறை அமைச்சராக வீற்றிருந்த இப்னு முக்லா, அரசியற் சூழ்ச்சிகளில் வீழ்ந்து, வலக்கை வெட்டப்பட்டு, கி.பி. 940இல் சிறையில் உயிர் நீத்தார். அக்கை போயிற்று, அக்கை வகுத்த புள்ளிக் கணக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றது.

நஸ்தலீக் பிறந்தது

அரபு மக்களிடமிருந்து பெற்ற எழுத்தைப் பாரசீகர் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கவிதையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர்கள். தம் கவிதைக்கு ஏற்ற எழுத்தொன்றை 14ஆம் நூற்றாண்டில் உருவாக்கினர். நூல்கள் எழுதப் பயன்பட்ட நஸ்க், அரசு ஓலைகள் எழுதப் பயன்பட்ட தஃலீக் ஆகிய இரண்டின் இயல்புகளும் இணைந்து பிறந்தமையால் இதற்கு நஸ்தலீக் என்று பெயர் வந்தது. தஃலீக் என்பதற்குத் ‘தொங்குதல்’ என்பது பொருள்.

இவ்வெழுத்தின் அழகு அதன் சாய்வில் உள்ளது. ஒவ்வொரு சொல்லும் வலப்புறம் சற்று மேலே தொடங்கி, இடப்புறம் சரிந்து இறங்கும். நிமிர்ந்து நிற்கும் ‘அலிஃப்’ என்னும் முதலெழுத்து, துலுத் என்னும் பழைய எழுத்தில் ஏழு புள்ளி உயரம் பெறும். நஸ்தலீக்கில் மூன்றே புள்ளி. நிற்கும் எழுத்துகள் குறுகின. படுக்கும் எழுத்துகள் நீண்டு வளைந்தன. நீரோட்டத்திற் செல்லும் ஓடங்கள்போல அவை வரியில் மிதக்கின்றன.

இவ்வெழுத்தைப் படைத்தவர் தப்ரீஸ் நகரத்து மீர் அலி என்பது மரபுவழிச் செய்தி. அவர் கனவில் ஹசரத் அலி அவர்கள் தோன்றி, பறக்கும் வாத்தின் சிறகை உற்று நோக்குமாறு பணித்தார் என்றும், அச்சிறகின் வளைவே எழுத்தின் வளைவாயிற்று என்றும் கதை கூறுவர். எழுத்தர் பலர் பல்லாண்டுகள் எழுதியெழுதிச் சிறிது சிறிதாகத் திருத்தி வந்த வடிவினை மீர் அலி ஒழுங்குபடுத்தி நிறைவு செய்தார் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. அவர் 1396இல் பாக்தாதில் எழுதி முடித்த காஜு கிர்மானியின் கவிதை நூல் இன்றும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திற் பாதுகாக்கப்படுகின்றது.

கருவிகள்

இக்கலைக்கு வேண்டும் கருவிகள் மிகச் சில. விலையுயர்ந்தவையும் அல்ல. ஆயினும் ஒவ்வொன்றும் பக்குவமாக அமைதல் வேண்டும்.

எழுதுகோல் நாணலால் ஆனது. ஈரானின் தெற்கேயுள்ள தெஸ்ஃபூல் வட்டாரத்து நாணல் இதற்குப் பெயர்பெற்றது. அதனைக் கூரிய கத்தியால் சீவி, நடுவே பிளந்து, எலும்பு அல்லது தந்தத்தாலான சிறு தகட்டின்மேல் வைத்து முனையைச் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டுவர். மரம் சீவும் பாட்டாளிகள் இதன் அருமையை எளிதில் உணர்வர். உளி ஆழப் பாய்ந்தால் மரம் புண்படும். மேலோடு சென்றால் பால் வாராது. நாணல் முனையும் அத்தகையதே. சாய்வு சற்றே பிழைத்தாலும் எழுத்தின் தடிப்பும் மென்மையும் தடுமாறும்.

மையினைத் தாமே காய்ச்சினர். விளக்குப் புகையிலிருந்து சேர்த்த கரி ஒரு பங்கு, அன்னபேதி ஒரு பங்கு, மாசிக்காய் இரு பங்கு, வேலம்பிசின் நான்கு பங்கு என்பது பரம்பரையாக வழங்கும் கணக்குகளுள் ஒன்று. இவற்றைக் கலந்தபின் சேர்க்க வேண்டிய ஐந்தாவது பொருள், அரைப்பவரின் கைவலிமையே என்று வேடிக்கையாகக் கூறுவர். மைக்கூட்டினுள் பட்டு நூற்கற்றையை இட்டு வைப்பர். அந்நூல் மையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோல்முனைக்கு வேண்டிய அளவே வழங்கும், மை சொட்டாது.

தாளுக்கும் பக்குவம் உண்டு. மாப்பசை பூசி உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுவர். அப்போதுதான் மை ஊறிப் பரவாது. கோல் தடையின்றி வழுக்கிச் செல்லும். வரி நேராக அமைவதற்கும் எளிய வழி ஒன்று கண்டனர். அட்டையொன்றில் நூலை வரிவரியாக இழுத்துத் தைத்து, அதன்மேல் தாளை வைத்து விரலால் தேய்ப்பர். நூலின் தடம் தாளிற் பதியும். பென்சிற் கோடு இன்றியே வரி கிடைத்துவிடும். பின்னர் எழுத்தர் தரையிலமர்ந்து, ஒரு முழங்காலை உயர்த்தி, அதன்மேல் தாளைத் தாங்கி எழுதுவார்.

பயிற்சியே உயிர்

கருவி இருப்பதனால் மட்டும் கலை வந்துவிடுமோ? ஓவியம் கைப்பழக்கத்தால் வருவது என்று நம் தமிழ் மூதாட்டியும் கூறிச் சென்றார் அன்றோ! பாரசீக ஆசிரியரும் இதனையே கண்டனர்.

ஆசிரியர் தாளின் தலைப்பில் ஒரு வரி எழுதித் தருவார். அதற்கு ‘சர்மஷ்க்’ என்று பெயர். மாணவன் அதனைப் பார்த்துக் கீழே எழுதுவான். ஒரே எழுத்தை நாட்கணக்கில் எழுதுவான். ஆசிரியர் பிழையைத் திருத்துவார், மீண்டும் எழுதுவான். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாபா ஷா இஸ்ஃபஹானி என்னும் ஆசிரியர், பயிற்சியை மூவகையாகப் பகுத்துரைத்தார். முதலாவது, கண்ணாற் பயில்வது. முன்னோர் எழுத்தை உற்றுப் பார்த்து மனத்திற் பதிப்பதே அது. இரண்டாவது, கோலாற் பயில்வது. பார்த்ததை அவ்வாறே எழுதுவது அது. மூன்றாவது, கருத்தாற் பயில்வது. மாதிரி ஏதுமின்றித் தன் உள்ளத்தில் எழும் வடிவை எழுதுவது அது. மூன்றாவதை விரும்பி முதலிரண்டையும் விடுதல் ஆகாது. பார்க்கக் கல்லாதவன் படைக்கக் கல்லான்.

தாள் அரிய பொருளாதலின், பயிற்சித் தாளில் இடமெல்லாம் நிறையும்வரை, தாளைத் தலைகீழாகத் திருப்பியும் குறுக்காக வைத்தும், எழுதியதன்மேலேயே மீண்டும் எழுதினர். வெண்மை மறைந்து கருமை நிறைந்த அத்தாளுக்குச் ‘சியா மஷ்க்’, அதாவது ‘கரும்பயிற்சி’ என்று பெயர். வியப்பு யாதெனில், பிற்காலத்தார் இப்பயிற்சித் தாள்களையே கலைப்பொருளாகக் கருதிப் பொற்கரையிட்டுத் தொகுத்து வைத்தனர். பேராசிரியர்களும் வாழ்நாள் முழுதும் பயிற்சி செய்தனர் என்பதற்கு அத்தாள்களே சான்று.

தேர்ச்சி பெற்ற மாணவனுக்கு ஆசிரியர் இசைவு வழங்குவார். அதன்பின்னரே தான் எழுதியதன் கீழ்த் தன் பெயரை இடும் உரிமை அவனுக்கு உண்டு. பெயரிடும்போதும் ‘எளியவன்’, ‘பாவி’ என்று அடக்கமாகக் குறிப்பிடுதலே மரபு.

ஹெராத் நகரத்துப் பட்டறை

சிறந்த ஏடொன்று ஒருவர் முயற்சியால் உருவாவதன்று. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, தைமூரின் பேரரான இளவரசர் பாய்சுங்குர் ஹெராத் நகரில் நடத்திய நூற்பட்டறை ஆகும். எழுத்தர், ஓவியர், பொன்வேலை செய்வோர், கட்டடம் செய்வோர் ஆகிய பலரும் அங்கே கூடி உழைத்தனர். தலைமை எழுத்தர் ஜாஃபர் என்பார், இன்னார் இன்ன வேலையை முடித்தார், இன்னார் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று இளவரசருக்கு எழுதியனுப்பிய அறிக்கை ஒன்று இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனையில் இன்றும் உள்ளது.

முதலில் எழுத்தர் எழுதுவார். ஓவியம் வரவேண்டிய இடத்தை வெற்றிடமாக விடுவார். பின்னர் ஓவியர் தீட்டுவார். பொன்வேலை செய்வோர் கரைகளை அணிசெய்வர். இறுதியில் ஏடுகள் தைத்துக் கட்டப்படும். பிர்தௌசி என்னும் பெருங்கவிஞர் கி.பி. 1010இல் நிறைவுசெய்த ‘ஷாநாமா’ என்னும் மன்னர் வரலாற்றுக் காவியம் ஏறத்தாழ 50,000 ஈரடிகளைக் கொண்டது. அதனை ஜாஃபர் தம் கையால் எழுதி 1430இல் முடித்தார். தெஹ்ரானில் குலிஸ்தான் அரண்மனை நூலகத்திலுள்ள அவ்வேட்டினை, 2007இல் ஐக்கிய நாடுகள் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் ‘உலக நினைவு’ப் பட்டியலிற் சேர்த்தது.

எழுதியோர் பட்ட பாடு

அழகிய எழுத்தைப் போற்றிய உலகம், எழுதிய கையை எப்போதும் போற்றியது என்று கூறுவதற்கில்லை. ஹெராத்தில் புகழுடன் வாழ்ந்த மற்றொரு மீர் அலி, 1520ஆம் ஆண்டுகளின் இறுதியில், நகரைக் கைப்பற்றிய உஸ்பெக் மன்னரால் புகாராவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவருடைய கையெழுத்தை இழக்க மன்னர் குடும்பத்தார் விரும்பவில்லை. ஆதலின் ஊர் திரும்ப இயலாது, அவர் அங்கேயே வாழ்ந்து மறைந்தார். தம் கலையே தமக்குக் கால்விலங்காயிற்று என்று வருந்தி அவர் பாடியதாகச் செய்யுளொன்று வழங்குகின்றது.

1554இல் கஸ்வீன் நகரிற் பிறந்த மீர் இமாது என்பாரை நஸ்தலீக் எழுத்தின் கொடுமுடி என்பர். ஷா அப்பாஸ் மன்னரின் இஸ்ஃபஹான் தலைநகரில் வாழ்ந்த அவர், 1615இல் கொலையுண்டார். அவருடைய உறவினரும் மாணவருமான அப்துர் ரஷீது தைலமி இந்தியாவுக்குத் தப்பிச் சென்று, பேரரசர் ஷாஜகானின் அவையில் இடம்பெற்று, இளவரசர் தாரா ஷிக்கோவுக்கு எழுத்துக் கற்பித்தார். ஆசிரியர் மாண்டார், அவர் கையின் பழக்கம் மாணவர் கையில் ஏறி நாடு கடந்து வாழ்ந்தது.

ஏடுகளின் வாழ்வு இதனினும் நிலையற்றது. 1520ஆம் ஆண்டுகளில் தப்ரீஸ் நகரில் ஷா தஹ்மாஸ்ப் மன்னருக்காகத் தொடங்கப்பெற்ற ஷாநாமா, 258 ஓவியங்கள் கொண்டது. 1568இல் அது துருக்கிய சுல்தானுக்குப் பரிசாகச் சென்றது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் செல்வர் ஒருவரிடம் சேர்ந்தபோது, கட்டு அவிழ்க்கப்பட்டு, ஏடுகள் தனித்தனியே பிரிந்து உலகெங்கும் சிதறின. எஞ்சிய 118 ஓவியங்களையும் எழுத்தேடுகளையும் ஈரான் நாடு 1994இல் ஒரு மேனாட்டு ஓவியத்தைக் கொடுத்து மாற்றாகப் பெற்றது. பலர் கூடிப் பல்லாண்டு உழைத்து ஆக்கிய நூலைப் பிரித்தெடுக்கச் சில ஆண்டுகளே போதுமாயின என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் வருந்துகின்றது.

அச்சு வந்த பின்னர்

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறை நஸ்தலீக்குக்கு ஒத்துவரவில்லை. ஈய எழுத்துகள் நேர்கோட்டில் நிற்பன. நஸ்தலீக்கோ சரிந்து இறங்குவது. பக்கத்து எழுத்துக்கு ஏற்ப ஒவ்வோர் எழுத்தும் தன் வடிவை மாற்றிக்கொள்வது. எனவே 19ஆம் நூற்றாண்டில் ஈரானியர் கல்லச்சினை மிகுதியும் விரும்பினர். கையால் எழுதியதைக் கல்லில் ஏற்றி அச்சிடுவதே கல்லச்சு. மிர்சா முகம்மது ரெசா கல்ஹோர் (1829–1892) என்னும் பேரெழுத்தர், கல்லச்சில் மெல்லிய கோடுகள் அழிந்துபோவதைக் கண்டு, அவற்றைச் சற்றே தடிப்பாக்கி எழுத்தின் அமைப்பையே திருத்தியமைத்தார். அரண்மனை உத்தியோகத்தை நாடாமல் எழுத்துக் கூலியைக்கொண்டு எளிமையாக வாழ்ந்தவர் அவர். இன்று ஈரானில் எழுதுவோர் பலரும் அவர் வகுத்த நெறியைத் தழுவியவரே.

நஸ்தலீக் எழுத்தில் எழுதப்பெறும் உருது மொழியிலும் இதே நிலை இருந்தது. உருது நாளேடுகள் நெடுங்காலம் கையால் எழுதப்பெற்றே அச்சேறின. சென்னை, திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கப்பெற்ற ‘முசல்மான்’ என்னும் உருது நாளிதழ், கணினி வந்த பின்னரும் பல்லாண்டுகள் நாள்தோறும் எழுத்தர்தம் கையாலேயே எழுதப்பெற்றது. 1981இல் பாகிஸ்தானில் மிர்சா அகமது ஜமீல் என்பார், பல்லாயிரம் சொல்வடிவங்களை முன்னதாகக் கையால் எழுதி இயந்திரத்திற் சேமித்து, நஸ்தலீக்கை இயந்திரத்தாற் கோக்க வழி கண்டார். இயந்திரம் எழுதவும் முதலில் ஒரு கை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்றைய நிலை

இக்கலை அழிந்து போகவில்லை. 1950இல் ஈரானில் எழுத்துக் கலைஞர்க்கெனச் சங்கம் ஒன்று நிறுவப்பெற்று, நகர்தோறும் வகுப்புகள் நடைபெற்று வருகின்றன. இக்கலையைக் காத்துவரும் அந்நாட்டு முயற்சியை 2021இல் ஐக்கிய நாடுகள் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் சிறந்த பாதுகாப்பு முறைகளுள் ஒன்றாகப் பதிவு செய்து பாராட்டியது. இஸ்லாமியரின் எழுத்துச் செல்வங்களை நேரிற் காண விழைவோர், கோலாலம்பூரில் தேசியப் பள்ளிவாசலின் அருகே 1998இல் திறக்கப்பெற்ற இஸ்லாமியக் கலை அரும்பொருளகத்திற்குச் செல்லலாம். திருக்குர்ஆன் படிகளுக்கும் கையெழுத்து ஏடுகளுக்கும் அங்கே தனிக்கூடம் உண்டு. பள்ளி விடுமுறையில் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுதல் நன்று.

அன்பார்ந்த மாணவர்களே! மன்னர் மறைந்தனர்; அரண்மனைகள் கைமாறின; ஏடுகள் சிதறின. எழுத்து மட்டும் மறையாமல் நின்றது. ஆசிரியர் ஒரு வரி எழுதிக் கொடுக்க, மாணவன் அதனைப் பார்த்து நாள்தோறும் எழுதி வந்தமையே அதற்குக் காரணம். எந்தத் தலைமுறையாவது அப்பயிற்சியை விட்டிருந்தால், அன்றே அக்கலை முடிந்திருக்கும். நம் தமிழ் எழுத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். நம் பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் ‘அ’ என்னும் எழுத்தும் இவ்வாறே கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது. வீட்டில் எழுதத் தெரிந்த பெற்றோரும் எழுதத் தெரியாத பெற்றோரும், நாள்தோறும் பிள்ளைகளை ஒரு பக்கமேனும் அழகுற எழுதச் செய்தல் வேண்டும். பார்த்து எழுதுவோம், திருத்தி எழுதுவோம், மீண்டும் எழுதுவோம். பயிற்சித் தாள் கருத்தால் நம் எழுத்து வெளுக்கும்.